பழைய உடன்படிக்கை, புதிய உடன்படிக்கை: நம்ம பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீடுகள்ல பைபிள் ஸ்டடி எடுக்குறப்போ திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள இங்க ஒண்ணா எழுதி வெச்சிருக்கேன். நம்ம ஏரியாவுல ஒரே வீட்டுலயே பாட்டி ராயபுரம் செயின்ட் பீட்டர்ஸ்ல பூசை பாத்து வளந்தவங்களா இருப்பாங்க, அப்பா சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), மருமக வியாசர்பாடியில மொட்டமாடி ஷெட்டுல நடக்குற பெந்தெகொஸ்தே சபை, அதனால ஒரே வசனத்துக்கு மூணு விளக்கம் வீட்டுக்குள்ளயே கிடைக்கும். சபைங்க எங்க எங்க வேற வேற மாதிரி சொல்லுதோ அத அப்படியே சொல்லிடுறேன், என் கருத்து எதுன்னும் மறைக்காம சொல்லிடுறேன்.

உடன்படிக்கைன்னா அக்ரிமென்ட் தானே?

வீட்டு வாடகைக்கு 11 மாசம் அக்ரிமென்ட் போடுறோம், ரெண்டு பேரும் அவங்கவங்க லாபத்த பாத்து கையெழுத்து போடுறோம், ஒத்து வரலன்னா அட்வான்ஸ வாங்கிட்டு வேற வீடு பாத்துக்குறோம். பைபிள்ல வர்ற உடன்படிக்கை அந்த மாதிரி இல்ல, அது ஒரு உறவுக்குள்ள ஆள கொண்டு வர்ற சத்தியம், உயிர பணயம் வெச்சு செய்யுறது.

இத புரிஞ்சுக்க ஆதியாகமம் 15 படிச்சா போதும். ஆபிரகாமுக்கு (அப்போ பேரு ஆபிராம்) வயசாயிடுச்சு, புள்ள இல்ல, இந்த தேசம் எனக்குன்னு நான் எப்படி நம்புறதுன்னு கேக்குறாரு. அதுக்கு கர்த்தர் ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டு வரச் சொல்றாரு. ஆபிராம் மிருகங்கள நடுவுல வெட்டி துண்டு துண்டா எதிர் எதிரா வெக்குறாரு, பறவைகள மட்டும் வெட்டல, பிணத்து மேல வந்து உக்காருற கழுகுங்கள விரட்டிகிட்டே இருக்குறாரு, சாயங்காலம் ஆகுது, தூக்கம் அமுக்குது. அந்த காலத்துல உடன்படிக்கை பண்றவங்க அந்த துண்டுங்க நடுவுல நடந்து போவாங்க, நான் மீறுனா எனக்கும் இந்த கதிதான்னு அதுக்கு அர்த்தம், எரேமியா 34:18 படிச்சா இது தெளிவா தெரியும். ஆனா இங்க ஆபிரகாம் நடக்கவே இல்ல. புகையுற சூளையும் எரியுற தீவட்டியும் மட்டும், கடவுளோட அடையாளமா, நடுவுல கடந்து போகுது. பொறுப்பு முழுசையும் கடவுள் தன் தலையில ஏத்துக்கிட்டாரு. புதிய உடன்படிக்கைய பத்தி நான் சொல்லப் போற எல்லாத்துக்கும் வேர் இங்கதான் இருக்கு, அதனால இந்த அதிகாரத்த அவசரமா தாண்டாதீங்க.

பழைய ஏற்பாட்டு புஸ்தகம் முழுசும் பழைய உடன்படிக்கைதானா?

இல்ல, நிறைய குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. பழைய ஏற்பாடுங்கறது 39 புஸ்தகம் இருக்குற ஒரு தொகுப்பு, கத்தோலிக்க பைபிள்ல 46. அதுக்குள்ள நோவாவோட ஒரு உடன்படிக்கை இருக்கு, ஆபிரகாமோட இருக்கு, சீனாய் மலையில மோசே மூலமா இஸ்ரவேலோட இருக்கு, தாவீதுக்கு குடுத்த வாக்கு 2 சாமுவேல் 7ல இருக்கு. எபிரேயர் 8ஆம் அதிகாரம் பழசாயிடுச்சுன்னு சொல்றது சீனாயில பண்ணுனத. ஆபிரகாமுக்கு சொன்னத 430 வருஷம் கழிச்சு வந்த நியாயப்பிரமாணம் (மோசே மூலமா வந்த சட்டம்) தள்ளிப்போடாதுன்னு பவுல் கலாத்தியர் 3:17ல எழுதுறாரு. அதனால பழைய ஏற்பாடு நமக்கு வேணாம்னு யாராவது சொன்னா அவங்க ஆபிரகாமையும் தாவீதையும் சேத்து தூக்கிப் போடுறாங்க.

இன்னொண்ணும் கவனிக்கணும். மத்தேயு 1:1ல இருந்தே புதிய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துடல. இயேசு நியாயப்பிரமாணத்துக்கு கீழதான் பொறந்தாரு, சுகமான குஷ்டரோகிய ஆசாரியன்கிட்ட போய் காட்டி மோசே கட்டளையிட்ட காணிக்கைய செலுத்துன்னு அனுப்புறாரு.

சீனாயில என்னதான் நடந்துச்சு?

யாத்திராகமம் 19ல இருந்து 24 வரைக்கும். முதல்ல பாருங்க, பத்து கட்டளை ஆரம்பிக்குறதே "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே"ன்னுதான். விடுதலை முன்னாடி, கட்டளை பின்னாடி. கட்டளைய ஒழுங்கா கடைப்பிடிச்சதால அவங்கள காப்பாத்தல.

24ஆம் அதிகாரத்துல மோசே பலி செலுத்தி ரத்தத்துல பாதிய பலிபீடத்து மேல தெளிக்குறாரு, மீதிய பாத்திரங்கள்ல வெச்சுக்குறாரு, உடன்படிக்கைப் புஸ்தகத்த ஜனங்க காதுல விழ படிக்குறாரு, கர்த்தர் சொன்னதெல்லாம் செய்வோம்னு ஜனங்க சத்தியம் பண்றாங்க, அப்பறம் மீதி ரத்தத்த அவங்க மேல தெளிக்குறாரு. ஒரே ரத்தம் ரெண்டு பக்கமும் விழுது. அதோட முடியல, மோசே, ஆரோன், அவர் புள்ளைங்க நாதாப், அபியூ, கூட 70 மூப்பர்கள் மலை ஏறி போய் கடவுளை தரிசிச்சு சாப்பிட்டு குடிச்சாங்கன்னு இருக்கு. இந்த சாப்பாட்ட மனசுல வெச்சுக்குங்க.

மோசே மறுபடி மேல போய் 40 நாள் இருக்குறாரு, இறங்கி வர்றதுக்குள்ள கீழ கன்னுக்குட்டி செஞ்சு கும்புடுறாங்க.

அப்போ பழைய உடன்படிக்கை தப்பானதா?

இல்லவே இல்ல. நியாயப்பிரமாணம் பரிசுத்தமானதுன்னு பவுல் ரோமர் 7:12ல சொல்றாரு. எபிரேயர் 8:8 குறை சொல்றது ஜனங்கள. கல்லுல எழுதுனத வாசிக்கலாம், அதுக்கு கீழ்ப்படியுற மனச கல்லு குடுக்காது, பிரச்சனை அங்கதான்.

புதுசுல என்ன புதுசு?

எரேமியா 31:31-34. பழைய ஏற்பாட்டுலயே "புது உடன்படிக்கை"ன்னு பேர் சொல்லி வர்ற இடம் இது ஒண்ணுதான். எரேமியா ஊழியம் செஞ்ச காலம் எருசலேமோட கடைசி காலம், கி.மு. 586 வாக்குல பாபிலோன்காரங்க நகரத்தையும் ஆலயத்தையும் கொளுத்திட்டாங்க. எல்லாம் கை விட்டுப் போற அந்த நேரத்துல வந்த வாக்கு இது.

"நான் என் நியாயப்பிரமாணத்தை அவர்கள் உள்ளத்திலே வைத்து, அதை அவர்கள் இருதயத்திலே எழுதி"ன்னு வருது, சின்னவங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் எல்லாரும் என்ன அறிஞ்சிருப்பாங்கன்னு வருது, கடைசில "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்"ன்னு முடியுது. சீனாயில ஜனங்க "செய்வோம்"னு சொன்னாங்க, இங்க முழுக்க முழுக்க கர்த்தர் "நான் செய்வேன்"னு சொல்றாரு. இத நான் எத்தன தடவ சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏன்னா நம்ம ஜனங்கள்ல பாதி பேர் இயேசுவ ஏத்துக்கிட்டு ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சீனாய் அடிவாரத்துலயே நடுங்கிட்டு நிக்குறாங்க.

இராப்போஜனத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மொத்த சம்பந்தமும் அதுலதான் இருக்கு. கடைசி ராத்திரி பாத்திரத்த எடுத்து இயேசு, இது என் ரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கைன்னு சொல்றாரு (லூக்கா 22:20). "உடன்படிக்கையின் இரத்தம்"னு மோசே சொன்ன வார்த்தையும் எரேமியா சொன்ன "புது"வும் ஒரே வாக்கியத்துல சேருது. அந்த பந்தியில இருந்தவங்களுக்கு ரெண்டும் காதுல கேட்டிருக்கும்.

நம்ம பக்கம் பல சபைகள்ல மாசத்துல முதல் ஞாயிறு இது நடக்கும். வெள்ளத் துணிய நாலு மூலையிலயும் பிடிச்சு மடிச்சு எடுப்பாங்க, ட்ரேல சின்னச் சின்ன கிளாஸ்ல திராட்ச ரசம், தட்டுல பிச்சுப் போட்ட அப்பம், பாஸ்டர் 1 கொரிந்தியர் 11 வாசிப்பாரு. கத்தோலிக்க பூசையில ஒவ்வொரு நாளும் கிண்ணத்த தூக்கும்போது உடன்படிக்கைங்கற வார்த்தை வருது. ஆனா நம்ம கவனம் எங்க போகுது? "அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவன்" (தகுதி இல்லாம சாப்பிட்டு குடிக்குறவன்) அப்படிங்கற வசனத்துல போய் நின்னுடுது, இந்த மாசம் வீட்டுல சண்ட போட்டேன், நான் எடுக்கலாமான்னு பின்னாடி பெஞ்சுல உக்காந்து அழுதுட்டு ட்ரேய பக்கத்துல இருக்குறவங்களுக்கு தள்ளி விடுறாங்க. பவுல் அங்க கண்டிச்சது யார? பணக்காரங்க முன்னாடியே வந்து வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஏழைங்கள பசியோட நிக்க வெச்சத. தன்ன சோதிச்சு அறிஞ்சு "இந்த அப்பத்தில் புசித்து"ன்னுதான் அந்த வசனம் போகுது, சோதிச்சுட்டு எழுந்து வீட்டுக்கு போன்னு இல்ல. பாவ மன்னிப்பின் உடன்படிக்கைய நினைக்குறதுக்கு வெச்ச பந்தியில பாவி உக்காரக் கூடாதுன்னா வேற யாரு உக்காருறது? மலை மேல 70 பேர் சாப்பிட்ட சாப்பாடு இப்ப எல்லாருக்கும் திறந்திருக்கு.

அப்பமும் ரசமும் என்னவா மாறுதுங்கறதுல கத்தோலிக்கருக்கும் லுத்தரனுக்கும் மத்தவங்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அது தனி பாடம்.

லேவியராகமத்துல நண்டு, இறால் சாப்பிடக்கூடாதுன்னு இருக்கே? ரத்தப் பொரியல்?

காசிமேட்டுல பொழப்பு நடத்துற குடும்பங்கள்ல இருந்து வர்ற கேள்வி இது, சாப்பாடு மட்டும் இல்ல, தொழிலே அதுதான். லேவியராகமம் 11ல துடுப்பும் செதிளும் இல்லாத எதுவும் அருவருப்புன்னு இருக்கு, அப்படி பாத்தா நண்டு, இறால், கடம்பா எல்லாமே தள்ளுபடி. ஆனா அந்த சட்டம் இஸ்ரவேல மத்த ஜனங்கள்ல இருந்து பிரிச்சுக் காட்டுறதுக்கு சீனாயில குடுத்தது. மாற்கு 7ல வாய்க்குள்ள போறது மனுஷன தீட்டுப்படுத்தாது, உள்ள இருந்து வர்றதுதான் தீட்டுப்படுத்தும்னு இயேசு சொல்றாரு. அப்போஸ்தலர் 10ல பேதுரு யோப்பாவுல, கடலோரத்துல தோல் பதனிடுற சீமோன் வீட்டு மாடியில ஜெபம் பண்ணும்போது வந்த தரிசனமும் இதுதான், தேவன் சுத்தமாக்குனத தீட்டுன்னு சொல்லாதன்னு. அந்த தரிசனம் சாப்பாட்டோட நிக்கல, அடுத்த நாளே பேதுரு கிளம்பி, அதுக்கு மறுநாள் புறஜாதி (யூதர் இல்லாதவங்க) வீட்டுக்குள்ள காலடி எடுத்து வெக்குறாரு. யாரு வீட்டுல தண்ணி குடிக்கலாம், யாரு வீட்டுல கூடாதுன்னு ஜாதி பாத்து பழகின நம்ம ஊருல இந்த அதிகாரத்த மீனோட நிறுத்திட்டு போறது பெரிய அநியாயம்.

ரத்தப் பொரியல் கொஞ்சம் கஷ்டமான கேள்வி. ஞாயித்துக்கிழம கறிக்கடையில ஆட்டு ரத்தம் வாங்கி வெங்காயம் பச்சமிளகா போட்டு வதக்குறது பல வீட்டுல வழக்கம். ரத்தம் சாப்பிடாதன்னு நோவாவுக்கே சொல்லியாச்சு, அது சீனாய்க்கு முன்னாடி. அப்போஸ்தலர் 15ல எருசலேம்ல கூடி புறஜாதி விசுவாசிங்களுக்கு விருத்தசேதனம் (சுன்னத்) வேணாம்னு முடிவு பண்ணுனப்போ கூட, விக்கிரகத்துக்கு படைச்சது, ரத்தம், நெரிச்சு செத்தது, வேசித்தனம் இந்த நாலையும் விலக்கச் சொன்னாங்க. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைங்க 692ல துருல்லோ சங்கத்துலயும் (சபைத் தலைவர்கள் கூடுன கூட்டம்) இத உறுதி பண்ணுச்சு, கத்தோலிக்க பக்கம் 1442ல ஃபுளோரன்ஸ் சங்கம் அந்த தடை அந்த காலத்துக்கானது, இப்ப இல்லன்னு சொல்லிடுச்சு. யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில உக்காரணும்னு போட்ட ஏற்பாடா நான் இத பாக்குறேன், அதனால சாப்பிடுறவங்கள பாவின்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க வீட்டுக்கு வர்றவங்க மனசு இதுல இடறும்னா அன்னிக்கு செய்யாதீங்க, ரோமர் 14 அததான் கேக்குது.

மாதவிடாய் நேரத்துல சர்ச்சுக்கு வரலாமா, பைபிள தொடலாமா?

வரலாம், தொடலாம், பந்தியும் எடுக்கலாம். லேவியராகமம் 15ல அந்த தீட்டு சட்டம் இருக்கு, உண்மைதான், ஆனா அது கூடாரத்தையும் ஆலயத்தையும் சுத்தி வந்த சட்டம். 12 வருஷமா உதிரப்போக்கு இருந்த ஒரு பொம்பள கூட்டத்துக்குள்ள வந்து இயேசுவோட வஸ்திரத்த தொட்டா. சட்டப்படி அவர் தீட்டாகி இருக்கணும், நடந்தது தலைகீழ், அவ சுகமானா, "மகளே"ன்னு கூப்புட்டாரு. இத படிச்சதுக்கு அப்பறமும் நம்ம பொண்ணுங்கள அந்த நாள்ல வாசல்ல உக்கார வெக்குறவங்கள என்னால ஏத்துக்க முடியல.

தசமபாகம் குடுக்கலன்னா சாபமா?

வீட்டு வேலை செஞ்சு புள்ளைங்கள படிக்க வெக்குற ஒரு அக்கா, ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசத்துல தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) குடுக்க முடியல, அந்த வாரமே சின்னவனுக்கு காய்ச்சல். மல்கியா 3:9ல "நீங்கள் சபிக்கப்பட்டவர்கள்"ன்னு இருக்கே, அதனாலயா பிரதர்னு குரல் நடுங்க கேட்டாங்க. இல்லக்கா. மல்கியா பேசுனது சீனாய் உடன்படிக்கைக்கு கீழ இருந்த ஜனத்துகிட்ட, அந்த சாபத்த கிறிஸ்து நமக்காக ஏத்துக்கிட்டாருன்னு கலாத்தியர் 3:13 சொல்லுது. உபாகமம் 14ஐயும் சேத்து படிங்க, மூணாவது வருஷத்து தசமபாகம் லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற புள்ளைக்கும், விதவைக்கும் சாப்பாடு. அந்த அக்கா விதவை. மோசே சட்டப்படியே பாத்தா அவங்க வாங்கிக்க வேண்டியவங்க.

குடுக்குறது நல்லது, நானும் குடுக்குறேன், பத்துல ஒண்ணுங்கறது ஒரு நல்ல ஒழுங்கு, ஆபிரகாம் சட்டத்துக்கு முன்னாடியே குடுத்தாரு. ஆனா விசனமாவும் அல்ல, கட்டாயமாவும் அல்லன்னு 2 கொரிந்தியர் 9:7 எழுதியிருக்குறப்போ, சாபத்த காட்டி ஏழைகிட்ட வாங்குறத நான் எதிர்க்குறேன்.

பரம்பரை சாபம் இருக்கா? முறிக்கணுமா?

முன்னோர் கும்புட்ட சாமி, செஞ்ச பாவம் எல்லாம் உங்க மேல இருக்கு, அதுக்கு தனி ஜெபம் பண்ணணும்னு பயமுறுத்துறவங்க இருக்காங்க, ஆதாரமா யாத்திராகமம் 20:5 காட்டுவாங்க. எரேமியா 31:31 புது உடன்படிக்கை வசனம்னு பாத்தோம், அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி 31:29 பாருங்க: அப்பாமார் திராட்சக்காய் தின்னாங்க, புள்ளைங்க பல்லு கூசிப் போச்சுன்னு அந்த நாட்கள்ல சொல்ல மாட்டாங்க. புது உடன்படிக்கையோட வாசப்படியிலேயே இது எழுதியிருக்கு. எசேக்கியேல் 18 முழு அதிகாரமும் இதேதான் பேசுது. குடி, கோவம், கடன் இதெல்லாம் ஒரு குடும்பத்துல தலைமுறை தலைமுறையா வரலாம், அதுக்கு ஜெபமும் வேணும், டாக்டர், கவுன்சலிங் உதவியும் வேணும், ஆனா சாபம்னு பேர் வெச்சு காசு வாங்க ஒருத்தருக்கும் உரிமை இல்ல.

பத்து கட்டளை இப்ப இல்லையா? ஓய்வுநாள் சனிக்கிழம தானே?

கொல செய்யாத, திருடாதங்கறது எந்த உடன்படிக்கையிலயும் ரத்தாகாது, இயேசு இன்னும் ஆழமா கொண்டு போய் கோவத்துலயும் பார்வையிலயும் வெச்சாரு. ஓய்வுநாள்தான் வாக்குவாதம். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழம ஆசரிக்குறாங்க, பத்துல ஒண்ண மட்டும் மாத்த யாருக்கு அதிகாரம்னு கேக்குறாங்க, நேர்மையான கேள்வி. 321ல கான்ஸ்டன்டைன் ராஜாதான் ஞாயிற கொண்டு வந்தாருன்னு சொல்றது மட்டும் சரியில்ல, அவரு சட்டப்படி லீவு விட்டாரு, ஆனா கிறிஸ்தவங்க ஞாயிறு கூடுறத 2ஆம் நூற்றாண்டு நடுவுலயே ஜஸ்டின்ங்கற தியாகி எழுதி வெச்சிருக்காரு. மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட்ல போற தம்பிங்க ஞாயிறு வேலைக்கு போனா பாவமான்னு கேக்குறாங்க. கொலோசெயர் 2:16 படிங்க தம்பி, நிம்மதியா போங்க, வேற ஒரு நாள் சபையோட கூடுங்க.

பழைய ஏற்பாட்டுல கோவக்கார கடவுள், புதுசுல அன்பான கடவுளா?

இத 2ஆம் நூற்றாண்டுலயே மார்சியோன்னு ஒருத்தர் சொன்னாரு, கருங்கடல் ஓரத்துல இருந்து ரோமுக்கு வந்த கப்பல் முதலாளி, ரெண்டும் வேற வேற கடவுள்னே போதிச்சாரு, 144 வாக்குல ரோம் சபை அவர வெளிய அனுப்பிடுச்சு. "நீடிய சாந்தமும் மகா தயையும்" யாத்திராகமம் 34ல இருக்கு, "நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி"ங்கறது எபிரேயர் 12ல இருக்கு. ஒரே கடவுள்தான்.

அப்ப யூதர்கள கடவுள் கைவிட்டுட்டாரா?

மண்ணடிக்கு பக்கத்துல பவளக்காரத் தெரு இருக்கே, ஒரு காலத்துல பவளமும் வைரமும் வியாபாரம் பண்ணுன யூதர்கள் அங்க இருந்தாங்க, நம்ம ஊருக்கு அவங்க அந்நியர் இல்ல. சபை அவங்க இடத்த முழுசா எடுத்துக்கிச்சுன்னு பல நூற்றாண்டா போதிச்சாங்க, அந்த போதனையோட சேந்து யூத வெறுப்பும் ஐரோப்பாவுல வளந்துச்சு. ரோமர் 11 அப்படி சொல்லல, நீ ஒட்டவெச்ச காட்டு ஒலிவ, கிளைங்கள பாத்து பெருமை அடிக்காதன்னு சொல்லுது, தேவனோட அழைப்பு மாறாததுன்னும் சொல்லுது. கத்தோலிக்க சபை 1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல யூத வெறுப்ப கண்டிச்சுது, 1980ல ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல போப் இரண்டாம் ஜான் பால் பேசும்போது, கடவுள் ஒருநாளும் ரத்து பண்ணாத பழைய உடன்படிக்கையோட ஜனம்னு அவங்கள சொன்னாரு. பழசாயிடுச்சுன்னு சொல்ற எபிரேயர் 8:13ஐ இதோட எப்படி பொருத்துறதுன்னு இன்னிக்கும் இறையியல் படிச்சவங்க விவாதிக்குறாங்க. என் வரைக்கும் ரோமர் 11ஐ தாண்டி பேச நான் துணிய மாட்டேன்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கலாமா?

விருத்தசேதனம் குழந்தைக்கு குடுத்த உடன்படிக்கை அடையாளம், அந்த இடத்துல ஞானஸ்நானம்னு கொலோசெயர் 2:11-12 வெச்சு சிஎஸ்ஐ மாதிரி சபைங்க சொல்லுது. எரேமியா சொல்றபடி எல்லாரும் அவர அறிஞ்சவங்கன்னா, அறிஞ்சு விசுவாசிச்சவங்களுக்குத்தான்னு பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் பக்கம் சொல்லுது. இதுக்காக மாமியாரும் மருமகளும் பேசாம இருக்காதீங்க.

புது வருஷ வாக்குத்தத்த கார்டுல வர்ற பழைய ஏற்பாட்டு வசனம் எனக்கானதா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதன முடிஞ்சு தட்டுல இருந்து கார்டு எடுக்குறோம், எரேமியா 29:11 வந்தா சந்தோஷம். அது பாபிலோன்ல சிறையிருப்புல இருந்தவங்களுக்கு எழுதுன கடிதம், அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு, கேட்டவங்கள்ல பல பேர் ஊர் திரும்பல. தேவனோட வாக்குத்தத்தம் எல்லாம் கிறிஸ்துவுக்குள்ள ஆம்னு 2 கொரிந்தியர் 1:20 சொல்றதால அந்த வசனத்துல நமக்கு பங்கு உண்டு, ஆனா இந்த வருஷம் பட்டா கிடைக்கும், வேலை கிடைக்கும்னு அத ரசீதா பிடிச்சுக்கிட்டு, கிடைக்கலன்னா விசுவாசம் பத்தலன்னு நம்மள நாமே நோகடிச்சுக்க வேணாம். கார்டு எடுங்க, கூட அந்த அதிகாரத்த முழுசா படிங்க.

எங்க இருந்து படிக்க ஆரம்பிக்குறது?

ஆதியாகமம் 15, யாத்திராகமம் 19, 20, 24, அப்பறம் 32, எரேமியா 31, லூக்கா 22, கடைசியா எபிரேயர் 8, 9, 10. எபிரேயருக்கு போறதுக்கு முன்னாடி லேவியராகமம் 16 ஒரு தடவ படிச்சுக்குங்க, வருஷத்துக்கு ஒரு நாள் பிரதான ஆசாரியன் ரத்தத்தோட திரைக்கு உள்ள போறது அங்க இருக்கு, அது தெரிஞ்சா 9ஆம் அதிகாரத்துல பாதி தானா புரியும். ஒரே நாள்ல முடிக்க வேணாம். புரியாத வசனத்து நம்பர நோட்டுல குறிச்சு வெச்சுக்குங்க, ஸ்டடிக்கு வர்றப்போ அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.